இரத்தச் சர்க்கரை குறைந்தால் என்ன செய்வது? நோன்பாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

நீரிழிவு என்றதும் சர்க்கரை கூடுவதைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். ஆனால் குறுகிய நேரத்தில் மயக்கம் வரை கொண்டுபோய் விடுவது சர்க்கரை குறைவதுதான். நீரிழிவு உள்ளவருக்கு இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கினால் அது தாழ்நிலை. 54க்குக் கீழே போனால் ஆபத்தான நிலை.

யாருக்கு வரும்?

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அதிகம் வரும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுவோருக்கு இது அரிது. மருந்து எடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, வழக்கத்தை மீறிய உடலுழைப்பு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை முக்கியக் காரணங்கள்.

அறிகுறிகள்

• கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி
• தலைச்சுற்றல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல்
• காரணமில்லாத கோபம், குழப்பம்
• தூக்கத்தில் வியர்த்து நனைதல், கெட்ட கனவு, காலையில் தலைவலி

இரத்த அழுத்தத்துக்குச் சிலவகை மாத்திரை சாப்பிடுவோருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். முதியவர்களிடம் குழப்பம் மட்டுமே தெரியலாம். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் சோதித்துப் பார்க்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது

1. சுமார் 15 கிராம் சர்க்கரை கொடுங்கள்: 3 தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து, அல்லது அரை டம்ளர் பழச்சாறு. சாக்லேட், பிஸ்கட் வேண்டாம். கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகவே ஏறும்.
2. 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். 70க்கு மேல் வராவிட்டால் மீண்டும் கொடுங்கள்.
3. சரியானதும் இட்லி, ரொட்டி என்று ஏதாவது சாப்பிட வேண்டும்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். மாத்திரையால் குறைந்த சர்க்கரை ஏறிய பிறகும் மீண்டும் இறங்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

நோன்பு வைத்திருக்கும்போது

சர்க்கரை 70க்குக் கீழே போனால் நோன்பை உடனே முறித்துவிட வேண்டும். மஃக்ரிபுக்கு அரை மணி நேரமே இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. "இவ்வளவு நேரம் பொறுத்தாச்சே" என்ற எண்ணம்தான் பலரையும் ஆபத்தில் தள்ளுகிறது. நோயாளி வேறு நாட்களில் நோன்பைக் களாச் செய்யலாம் என்று அல்லாஹ் சூரத்துல் பகராவில் சலுகை தந்திருக்கிறான். நோய் குணமாகும் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஃபித்யா இருக்கிறது. அந்தச் சலுகையை ஏற்பது ஈமானில் குறைவல்ல.

விரலில் குத்திச் சர்க்கரை சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. எனவே பகலில் சோதிக்கத் தயங்க வேண்டாம்.

ரமளானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஸஹரை விடாமல், கடைசி நேரத்துக்கு நெருக்கமாகச் சாப்பிடுங்கள். மாலையில் கடினமான வேலையைத் தவிருங்கள். தராவீஹுக்குப் போகும்போதும் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

வீட்டில் யாருக்கு நீரிழிவு, என்ன மருந்து, குளுக்கோஸ் எங்கே இருக்கிறது என்பது பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உடல்நலமும் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவோம், இன்ஷா அல்லாஹ்.