சர்வதோபத்திரம்: ஒரு பெயர், இரண்டு கட்டங்கள்

எப்பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வரும் எண் கட்டத்தை இன்று மாயச்சதுரம் என்கிறோம். பள்ளிப் பாடநூல்கள் பரப்பிய பெயர் அது. அதிலுள்ள ‘மாய’ என்ற அடை, இந்தக் கட்டம் குறி பார்க்கவே பிறந்தது என்ற எண்ணத்தை எளிதில் ஊட்டிவிடுகிறது. சோதிடத்தில் ‘சர்வதோபத்திர சக்கரம்’ என்றொரு கட்டம் பெயர்பெற்றிருப்பதும், எண் கட்டத்தோடும் அதே சொல் ஒட்டியிருப்பதும் இதற்குச் சான்றுபோலத் தோன்றும். ஆனால் சொல்லின் தடத்தைப் பிடித்துப் போனால் அந்த எண்ணம் நிற்பதில்லை. எண் கட்டம் காப்புக்கும் பரிகாரத்துக்கும் போயிற்று. வருவது உரைக்கும் வேலையை வேறொரு கட்டம் ஏற்றது. இரண்டையும் குழப்பியது பெயர்தான் என்பது என் கருத்து.

வடமொழியில் ‘சர்வதஸ்’ என்றால் எல்லாப் பக்கமும். ‘பத்ர’ என்றால் நலம், மங்கலம். எத்திசையிலிருந்து அணுகினாலும் குறைவில்லாதது சர்வதோபத்திரம். நான்கு புறமும் வாயில் வைத்து, சுற்றிலும் தாழ்வாரம் ஓடும் மனைக்கு வாஸ்து நூல்கள் இப்பெயரிட்டன. முன்னிருந்தும் பின்னிருந்தும், மேலிருந்தும் கீழிருந்தும் ஒன்றுபோல வாசிக்கக்கூடிய செய்யுளும் இப்பெயர் பெற்றது. பாரவியின் கிராதார்ஜுனீயத்தில் அப்படியொரு செய்யுள் உண்டு. நம் தண்டியலங்காரம் அதைச் ‘சருப்பதோபத்திரம்’ என்று தமிழாக்கிச் சித்திரகவிகளில் ஒன்றாக வைத்தது. எட்டெழுத்துக் கொண்ட நான்கு வரியை இருமுறை எழுதி 64 அறைகளில் நிரப்பி நாற்புறமும் படித்துப் பார்த்த தமிழ்ப் புலவர்கள், இந்தச் சொல்லின் பொருளைச் சோதிடர்களைவிட நுட்பமாகவே அறிந்திருந்தார்கள். வீடாயினும் பாட்டாயினும், சொல் சுட்டியது திசைகளுக்கிடையே உள்ள சமநிலையை.

எண் கட்டத்துக்கு இந்தியாவில் கிடைக்கும் மிகப் பழைய தெளிவான சான்றுகளுள் ஒன்று, ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் இருக்கிறது. வாசனைப் பொருள் செய்யும் முறையைக் கூறும் பகுதியில் 16 அறைகொண்ட ஒரு கட்டத்தை அவர் விவரிக்கிறார். அறைக்கு ஒரு சரக்கு, சரக்குக்கு ஓர் அளவு: அகிலுக்கு 2 பங்கு, கோரைக்கிழங்குக்கு 8, சடாமாஞ்சிலுக்கு 6, சந்தனத்துக்கு 7, இலவங்கப்பட்டைக்கு 1. முதல் வரிசை 2, 3, 5, 8. அடுத்தது 5, 8, 2, 3. பிறகு 4, 1, 7, 6. கடைசி 7, 6, 4, 1. கிடையாகவோ நெடுகவோ மூலைக்கு மூலையாகவோ நான்கு சரக்கை எடுத்தால் மொத்தம் 18 பங்கு. மூலையில் ஒட்டியிருக்கும் நான்கு அறைகளைச் சேர்த்தாலும், நடுவிலுள்ள நான்கைச் சேர்த்தாலும் அதே 18. இப்படிக் கலந்து கிடைக்கும் நறுமணங்களுக்கு அவர் சூட்டும் பெயர் சர்வதோபத்திரம். இங்கே கவனிக்க வேண்டியது கட்டம் வந்து நிற்கும் இடம். பிருகத் சம்ஹிதை பெரும்பாலும் நிமித்த நூல். காகம் கரைவதையும் நாய் குரைப்பதையும் நிலம் நடுங்குவதையும் வைத்துப் பலன் சொல்லும் நூல். குறி சொல்வதில் கரைகண்ட ஒருவர் கையில் இந்தக் கட்டம் இருந்தும், அவர் அதைக் குறிக்குப் பயன்படுத்தாமல் வாசனைக் கலவைக்கு வைத்தார்.

ஏன் அப்படி என்பதற்கு விடை கட்டத்திலேயே இருக்கிறது. ஆரூடம் என்றால் கேட்பவர் தொடும் இடத்துக்கு ஏற்ப விடை மாற வேண்டும். எங்கு தொட்டாலும் 18 என்று சொல்லும் கட்டம், போருக்குப் போகலாமா என்று கேட்கும் அரசனுக்கு எதைச் சொல்லும்? 1175-இல் நரபதி எழுதிய நரபதிஜயசரியையில் வரும் சர்வதோபத்திர சக்கரத்தைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அது 81 அறை. அபிஜித்தையும் சேர்த்து 28 நட்சத்திரங்கள், 16 உயிர், 20 மெய், 12 ராசி, நடுவே ஐந்து திதி வகைகள். கிரகம் நிற்கும் நட்சத்திரத்திலிருந்து குறுக்காகவும் நேராகவும் கோடு ஓட்டி, அது எந்தப் பெயரெழுத்தை, எந்தத் திதியைத் தாக்குகிறது என்று பார்த்து வேதை சொல்வார்கள். இதில் கூட்டல் இல்லை, சமத்தொகை இல்லை. நாற்புறமும் ஒத்த வடிவில் அமைந்ததால் பழைய பெயர் இதற்கும் பொருந்தியது, அவ்வளவே.

நவக்கிரக யந்திரங்கள் எண் கட்டங்கள்தாமே என்று கேட்கலாம். உண்மைதான். சூரியனுக்கு 15, சந்திரனுக்கு 18 என்று மும்மூன்றாகக் கூடிக் கேதுவுக்கு 39 வரை தொகை போகும். ஆனால் சாதகத்தைப் பார்த்துத் தோஷத்தைக் கண்டபின் எழுதித் தருவது அந்தத் தகடு. தோஷத்தைக் கண்டுபிடிப்பது அதன் வேலையன்று. ஏறத்தாழ 900-ஐ ஒட்டி விருந்தர் எழுதிய சித்தயோகம் என்ற மருத்துவ நூலில், பேறுகாலப் பெண் பார்த்தால் வலி குறையும் என்று 30 தொகை வரும் ஒன்பதறைக் கட்டம் சொல்லப்படுகிறது. குழந்தை ஆணா பெண்ணா என்று அதனிடம் எவரும் கேட்கவில்லை. 72 தொகை வரும் குபேரக் கோலத்தில் அறைக்கொரு காசு வைப்பதும் செல்வத்தை வேண்டித்தான். எண்ணைத் தொட்டுப் பலன் பார்க்கும் அட்டவணைகள் பஞ்சாங்கங்களில் உண்டே என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் அங்கே எண் பலனுக்கு இட்ட அடையாளம் மட்டுமே. வரிசைகள் சமமாகக் கூட வேண்டிய தேவையே இல்லை. துளசிதாசரின் இராமாயணத்தோடு அச்சாகும் ராம சலாகையில் எண்ணே கிடையாது. 225 அறையிலும் எழுத்துகள். தொட்ட இடத்திலிருந்து ஒன்பதாவது எழுத்தாகக் கோத்துக்கொண்டே போனால் ஒரு செய்யுளடி கிடைக்கும். அதில் ஒன்பது அடிகள் பொதிந்திருப்பதால்தான் விடை மாறுகிறது.

1356-இல் நாராயண பண்டிதர் தம் கணித கௌமுதியின் கடைசி அத்தியாயத்துக்குப் ‘பத்திர கணிதம்’ என்று பெயரிட்டார். எண் கட்டத்தை வெறும் ‘பத்திரம்’ என்றே அவர் அழைப்பதைச் சர்வதோபத்திரத்தின் பின்பாதி தனியே நின்ற வழக்காகக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன். நான்கால் வகுபடும் கட்டம், இரண்டால் மட்டும் வகுபடும் கட்டம், ஒற்றைப்படைக் கட்டம் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் நிரப்பும் விதி தருகிறார். நல்ல கணக்கறிஞரை வியக்கவைக்கவும், யந்திரம் வல்லாரை மகிழ்விக்கவும், அரைகுறைக் கணக்கரின் செருக்கை அடக்கவும் இதை எழுதுவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். யந்திரக்காரருக்கு அங்கே இடம் உண்டு. வருவது உரைப்பது அந்தப் பயன்களில் ஒன்றாக வரவில்லை.