பிளான் இருந்தால் போதுமா? டிக்கோயாவில் காணி வாங்குமுன் செய்ய வேண்டிய அளவைகள்

டிக்கோயாவில் ஒரு துண்டுக் காணி விலைக்கு வந்தால், வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி "உறுதி இருக்கா?" என்பது. அடுத்தது "பிளான் இருக்கா?" இரண்டுக்கும் "இருக்கு" என்று பதில் வந்து, மடித்துக் கசங்கிய ஒரு போட்டோ பிரதியும் கைக்கு வந்துவிட்டால் அந்த வாரமே முற்பணம் கைமாறுகிறது. உறவினர்களோடும் நண்பர்களோடும் துணைக்குப் போய் இந்தப் பக்கத்தில் நிறையக் காணிகள் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் ஓய்வுபெற்ற அப்பாவின் சேமலாப நிதி, கொழும்புக் கடையில் நிற்கும் தம்பியின் சீட்டுக்காசு, வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் அக்கா அனுப்பியது என்று மூன்று பேரின் உழைப்பு ஒரே பத்துப் பேர்ச்சுக்குள் போய்விடுகிறது. லயத்திலிருந்து வெளியே வரும் முதல் தலைமுறைக்கு இன்னொரு துண்டு வாங்கும் வாய்ப்பு அநேகமாகக் கிடைப்பதில்லை. ஆகவே அளவை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் வீடு வாங்குவோர் 'சேவை' என்று சொன்னால், ஒரு நிபுணர் வந்து கூரை, சுவர், ஈரம் எல்லாம் பார்த்து எழுதித் தரும் அறிக்கையைக் குறிக்கும். அதில் மூன்று தரம் உண்டு. எந்தத் தரம் வேண்டும் என்று தெரிவு செய்தால் போதும். நம் நாட்டில் சேவயர் என்பவர் காணியை மட்டும் அளப்பவர். வீட்டின் சுவரைப் பற்றி அவர் பேசமாட்டார், மேலே நிற்கும் மண்மேட்டைப் பற்றியும் பேசமாட்டார். எனவே மலையகத்தில் வாங்குகிறவருக்கு மூன்று தனித்தனிச் சோதனைகள் தேவைப்படுகின்றன: எல்லைக்கு உரிமம் பெற்ற நில அளவையாளர், சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், ஏற்கெனவே வீடு நின்றால் அதற்கு ஒரு சிவில் பொறியியலாளர். இவை மூன்றுக்கும் முன்னால் பணம் அதிகம் செலவாகாத ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் அநேகமானோர் தவிர்த்துவிடுகிறார்கள்.

அந்த வேலை, காணி எங்கிருந்து பிரிந்து வந்தது என்று தேடுவது. டிக்கோயாப் பள்ளத்தாக்கில் நிலத்தின் கதை எல்லா இடத்தையும் போன்றதல்ல. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியவை என்று அனுமானித்தது. அப்படிச் சேர்ந்த காட்டை அரசு தோட்டத்துரைமாருக்கு விற்றது. இந்தப் பள்ளத்தாக்கு முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் திறக்கப்பட்டது. பின்னர் 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியார் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றானது. வயலுக்கு உச்சவரம்பு 25 ஏக்கர். 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசிடம் வந்தன. 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. இன்று அவற்றின் கையில் இருப்பது குத்தகை மட்டுமே. நிலம் அரசுடையது.

இந்த வரலாறு வாங்குகிறவருக்கு நேரடியாகப் பயன்படும். விலைக்கு வரும் துண்டின் தாய்க்காணி ஒரு தோட்டமாக இருந்தால், 1972க்குப் பிறகு அது யார் கையில், எந்த ஆவணத்தால் தங்கியது என்று கேட்க வேண்டும். பழைய உரிமையாளர் தன் 50 ஏக்கரை வைத்துக்கொண்டார் என்றால், காணிச் சீர்திருத்த ஆணைக்குழு அதற்கு வழங்கிய நியதிச்சட்டத் தீர்மானம் இருந்திருக்க வேண்டும். அதைக் காட்ட முடியாதவர் விற்பது அரச காணியாகவும் இருக்கலாம். "முப்பது வருஷமா நாங்கதான் அனுபவிக்கிறோம்" என்ற பேச்சு இங்கே செல்லாது. ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பத்து வருட அனுபோகம் தனியார் காணிக்குத்தான். அரச காணியை எத்தனை வருடம் ஆண்டாலும் அது சொந்தமாகாது.

விற்பவர் கையில் இருப்பது உறுதியா, அனுமதிப்பத்திரமா, அளிப்பா என்பதையும் பார்க்க வேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அளிப்பு பார்ப்பதற்கு உறுதி போலவே இருக்கும். ஆனால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அதை விற்க முடியாது. வீடமைப்புத் திட்டங்களில் கிடைத்த 7 பேர்ச் வீடுகளும் இப்போது சத்தமில்லாமல் கைமாறுகின்றன. அவற்றில் வெறும் கடிதத்தை நம்பி யாரும் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்து, குறைந்தது முப்பது வருடப் பதிவுகளை ஒரு நொத்தாரிசைக் கொண்டு பார்த்த பிறகுதான் சேவயரைத் தேட வேண்டும்.

சேவயரை வாங்குகிறவரே நியமிக்க வேண்டும். 2002ஆம் ஆண்டு 17ஆம் இலக்க நில அளவைச் சட்டப்படி தனியார் அளவையாளர் பதிவு பெற்றிருப்பதோடு வருடாந்த உரிமமும் வைத்திருக்க வேண்டும். அந்த வருடத்து உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். அவரிடம் கேட்க வேண்டியது, காணியைப் புதிதாக அளந்து, அந்த அளவைப் பழைய தாய்ப் பிளானின் மேல் பொருத்திக் காட்டும் வரைபடம். விற்பவரின் பழைய பிளானைப் பார்த்து "எல்லை சரி" என்று ஒரு குறிப்பு எழுதி வாங்குவது மலிவு. ஆனால் பக்கத்துத் தேயிலை மலையின் எல்லைக்கல் நடுவில் நகர்ந்திருந்தால் அந்தக் குறிப்பு அதைக் காட்டாமல் போகலாம்.

சரிவில் அளவு பற்றி நம் ஆட்களுக்குள் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. பிளானில் வரும் பரப்பு கிடைமட்டப் பரப்பு. விற்பவர் டேப்பை மண்ணோடு மண்ணாகச் சரிவில் போட்டு அளந்து 50 அடி என்பார். 30 பாகை சரிவில் அது பிளானில் 43 அடிதான். தரையோடு அளந்த 10 பேர்ச், பிளானில் எட்டரைக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதால், காணாமற்போவது ஓர் அறையை விடப் பெரிய இடம். சேவயர் ஏமாற்றிவிட்டார் என்று இதற்காகச் சண்டை பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர் சரியாகத்தான் அளந்திருந்தார். விலையைப் பேர்ச் கணக்கில் பேசும்போது புதிய பிளானில் வரும் பரப்புக்கே விலை என்று முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

வரைபடத்தில் பாதையும் இருக்க வேண்டும். டிக்கோயாவிலிருந்து நோர்வூட் வரை எத்தனையோ வீடுகளுக்குத் தோட்டப் பாதையால்தான் போக வேண்டும். இன்று லொறி போகிறது என்பதால் நாளைக்கும் போகும் என்றில்லை. தண்ணீர் வரும் பீலி யாருடைய மலையில் இருக்கிறது என்பதும் அதே மாதிரித்தான். ஓடை, பிரதான வீதி, காசல்ரீ நீர்த்தேக்கம் ஆகியவற்றின் ஒதுக்கங்கள் காணிக்குள் வருகின்றனவா என்று சேவயரிடமே கேட்கலாம்.

இனிச் சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மறுபடியும் அதே காட்சிகள். நுவரெலியா மாவட்டத்தில் வீடு கட்ட அனுமதி கேட்கும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்படும். அநேகமானோர் காணியை வாங்கிய பிறகே அதற்கு விண்ணப்பிக்கிறார்கள். கட்ட முடியாது என்று அறிக்கை வந்தால், கையில் இருப்பது கோவா போடக்கூடிய ஒரு சரிவு மட்டும்தான். ஆகவே வாங்குமுன்பே, விற்பவரின் பெயரில் விண்ணப்பிக்கச் சொல்லி, செலவை நாமே ஏற்றுக்கொள்வது புத்திசாலித்தனம். மறுக்கிற விற்பவரிடம் எனக்குச் சந்தேகம் வரும்.

அறிக்கைக்கு முன் நம் கண்ணாலும் பார்க்கலாம். இங்கே தென்மேல் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில் காணியைப் பாருங்கள். பெப்ரவரியில் எல்லாக் காணியும் அழகாகத்தான் இருக்கும். மழைக்குப் பிறகு புதிதாக ஊற்று கிளம்புகிறதா, அது கலங்கி வருகிறதா, மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றனவா, தரையில் வில் போல வளைந்த வெடிப்பு இருக்கிறதா, பக்கத்து வீட்டுக் கதவு திடீரென்று இறுகிக்கொள்கிறதா என்று விசாரியுங்கள். காணிக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு இருந்தால் தாங்கு சுவரின் செலவையும் காணியின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். சில இடங்களில் சுவர்ச் செலவு காணி விலையையே தொட்டுவிடும்.

கட்டிய வீட்டை வாங்குகிறவர்கள் அத்திவாரம் நிரப்பிய மண்ணில் நிற்கிறதா, வெட்டிய மண்ணில் நிற்கிறதா என்பதைப் பொறியியலாளரிடம் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். பாதி வெட்டி, பாதி நிரப்பிய தரையில் நிற்கும் வீடுகள்தான் நடுவில் பிளக்கின்றன. தகரம், கதவு, பெயின்ட் எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பணம் மட்டாக இருந்தால் எதை முதலில் செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: பதிவகத் தேடல், பிறகு மண்சரிவு அறிக்கை, பிறகு புதிய அளவை. முதல் இரண்டில் ஒன்று பிழைத்தாலும் சேவயருக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும். முற்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், இந்த மூன்றும் சரிவராவிட்டால் அது திருப்பித் தரப்படும் என்று நொத்தாரிசின் முன் எழுதிக்கொள்ளுங்கள்.

அளக்கும் நாளில் நேரில் நில்லுங்கள். பக்கத்துக் காணிக்காரருக்கும் தோட்டத்துக்கும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். உறுதி எழுதும்போது அதன் அட்டவணையில் பழைய பிளானின் விவரம் அப்படியே பிரதி செய்யப்படாமல், புதிய பிளானின் இலக்கமும் திகதியும் அளவையாளரின் பெயரும் வந்திருக்கின்றனவா என்று கையெழுத்துக்கு முன் வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் உறுதி இருந்தால், அந்தப் பக்கத்தையாவது தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். உறுதியைத் தாமதிக்காமல் காணிப் பதிவகத்தில் பதியச் செய்யுங்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் எழுதப்பட்டு, பின்னால் வாங்கியவர் மோசடி ஏதுமின்றிப் பணம் கொடுத்து வாங்கி முதலில் பதிந்துவிட்டால், சட்டம் அவர் பக்கம்தான் நிற்கும்.