விரல் உதிர்வதில்லை, கரைகிறது

நான் திண்டுக்கல்காரன், அதனால பூட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சிஎம்சி-க்கு வந்தார். ஒருநாள் துருப்பிடிச்ச பூட்டு ஒண்ணு அவருக்குத் திறக்கல. தொழுநோய் வந்த சின்னப் பையன் சாவியை ஒரே திருகு, திறந்துட்டான். பார்த்தா விரல்ல எலும்பு தெரியுற அளவுக்குக் காயம். அவனுக்கு வலிக்கவே இல்ல!

தொழுநோய்ல விரல் தானா அழுகி உதிரும்னு அப்போ பல டாக்டர்களே நம்பினாங்க. பிராண்ட் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். கிருமி நரம்பைக் கெடுக்குது, வலி போயிடுது. சூடான பாத்திரம் சுட்டாலும் தெரியாது. ராத்திரி எலி கடிச்சாலும் தெரியாது. புண்ணு சீழ்பிடிச்சு, அந்த இடத்து எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு, விரல் குட்டையாகுது. அப்படின்னா புண்ணைத் தடுத்தா விரல் தப்பிக்கும். மடங்கிப்போன விரல்களையும் அவர் தசைநாரை இடம் மாத்தி வேலை செய்ய வெச்சார்.

1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைச்சது. அந்தச் சிகிச்சை ஆரம்பிச்சவர்கிட்டருந்து நோய் பரவாது. சின்ன வயசுல பஸ் ஸ்டாண்ட்ல குட்டை விரல் தாத்தா காசு கேட்டா, அம்மா என்னைப் பின்னால இழுப்பாங்க. போன வாரம் அம்மாகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல.