முதல் ஏடு கிடைக்காத எலும்புக்கூடு

சனத்நகரிலிருந்து ஆதர்ஷ் நகர் அதிகத் தொலைவன்று. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை நிலையத்தில் மெட்ரோ ஏறிச் சட்டமன்ற நிலையத்தில் இறங்கினால், சிறிது நடையில் பிர்லா அறிவியல் அருங்காட்சியகம். பெரும்பாலோர் அக்குன்றின்மேல் ஏறுவது கோளரங்கத்துக்காக. 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டைனோசர் கூடத்தைப் பிள்ளைகளுக்கான வேடிக்கை என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அங்கு நிற்கும் எலும்புக்கூட்டை வரலாற்று மாணவர்கள் ஓர் ஆவணத்தைப் படிப்பதுபோலப் படிக்க வேண்டும் என்பது இப்போதைய என் துணிபு.

அதன் பெயர் கோட்டாசாரஸ் யாமன்பல்லியென்சிஸ். கோட்டா என்பது அது கிடைத்த பாறை அடுக்கு. யாமன்பல்லி, அன்றைய ஆதிலாபாத் மாவட்டத்துச் சிற்றூர். 1970களின் இறுதியில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் அங்கு அகழ்ந்தனர். 1988இல் பெயரிட்டவர் பி. யாதகிரி. அவருடைய விரிவான எலும்பியல் விளக்கம் 2001இல் வெளிவந்தது. அதன்படி கிடைத்தவை 840 எலும்புகள். அவை குறைந்தது 12 விலங்குகளுக்கு உரியவை. ஒரு விலங்கேனும் முழுமையாகக் கிடைக்கவில்லை. மண்டையோடும் இல்லை.

ஆக, நாம் அண்ணாந்து நோக்கும் ஓருடல் உண்மையில் ஒரு பதிப்பு. சிதைந்த பல சுவடிகளை ஒப்புநோக்கி, ஒன்றில் இல்லாததை மற்றொன்றால் நிரப்பி, உ.வே.சா. போன்றோர் ஒரு நூலை நமக்குத் தந்தனரல்லவா? அதே முறைதான். இங்கோ எல்லாச் சுவடிகளிலும் முதல் ஏடு போயிற்று. தலை, பதிப்பாசிரியரின் ஊகம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல பதிப்பில் ஊகம் இருக்கும்; எது ஊகம், எது பாடம் என்று படிப்பவர் அறிந்திருந்தால் போதும்.

இதே பள்ளத்தாக்கிலிருந்து மற்றொரு பதிப்பும் உண்டு. 1958 முதல் 1961 வரை இந்தியப் புள்ளியியல் கழகத்தார் இங்கு அகழ்ந்த எலும்புகள் கல்கத்தாவுக்குச் சென்றன. 1975இல் அவ்விலங்குக்கு பாராபாசாரஸ் தாகோரி என்று பெயரிட்டனர்: வங்காளத்தில் ‘பெருங்கால்’, உடன் தாகூரின் பெயர். அதற்கும் மண்டையோடு இல்லை, பற்களே உண்டு. ஒரே கோதாவரிக் கரையின் இரு விலங்குகளில் ஒன்று கவிஞரின் பெயரோடு கொல்கத்தாவில் நிற்கிறது, மற்றொன்று சிற்றூரின் பெயரோடு ஐதராபாத்தில்.

எலும்பு எங்கே இருக்கிறது என்பது உள்ளூர்ப் பெருமையைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. 1828இல் ஜபல்பூரில் ஸ்லீமன் கண்டெடுத்த முதுகெலும்புகளைக் கொண்டு 1877இல் லிடெக்கர் டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்ற பெயரை நிறுவினார். பின்னர் அம்மூல எலும்புகள் தொலைந்தன. அப்பெயரே ஐயத்துக்குரியது என்று 2003இல் ஆய்வாளர் முடிவு கூறியபோதும் அவை கைக்கு எட்டவில்லை. 2012இல்தான் அவற்றுள் ஒன்று கொல்கத்தாவில், நிலவியல் துறையின் சேகரிப்பிலேயே மீண்டும் அடையாளம் காணப்பட்டது. அச்சுநூல் இருக்க, ஏட்டுச்சுவடி காணாமற்போன கதை நமக்குப் புதிதன்றே.

(ஜபல்பூரில் 1917 முதல் 1919 வரை அகழ்ந்த மாட்லி, பின்னர் 1929இல் திருச்சிராப்பள்ளி மாவட்ட டைனோசர்களைப் பற்றியும் எழுதினார். இடையில் ஜமைக்காத் தீவின் அரசு நிலவியலாளராகவும் இருந்தார். குடியேற்ற ஆட்சியில் ஒருவரே கரிபியத் தீவின் பாறையையும் அரியலூர்ப் பக்கத்துப் பாறையையும் படித்தது தனிப் பதிவுக்குரியது.)

யாமன்பல்லி எலும்புகளுக்கு அந்நிலை வரலாகாது. நாளை வேறொருவர், அந்தப் பன்னிரண்டும் ஒரே இனந்தானா என்று வினவலாம். அவருக்கு விடை தரக்கூடியது நிறுத்திவைத்த உருவம் அன்று, எண்ணிட்டுக் காத்த ஒவ்வொரு தனி எலும்பும்.

கூடத்துக்குச் செல்வோர் முதலில் தலையைப் பாருங்கள். அதற்குச் சான்றாக யாமன்பல்லி மண்ணிலிருந்து கிடைத்தவை இரண்டே இரண்டு பற்கள்.