பெயருக்குப் பின்னால் ஆணா, பெண்ணா? திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் புனைபெயர்கள்

எழுதியவரை நேரில் காணாத வாசகர், அவருடைய பெயரையும் எழுத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு ‘இவர் ஆணாக இருப்பார்’, ‘இது நிச்சயம் பெண் எழுதியது’ என்று முடிவு கட்டுவது மிகப் பழைய வழக்கம். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள பகுதியில் இதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. கோட்டைக்கு மேற்கே உள்ள உறையூரில் சங்கப் புலவர்கள் வாழ்ந்தனர். வடக்கே, காவிரிக்கு அக்கரையில் உள்ள ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ஓர் இளைஞர், மனைவியின் பெயரில் எழுதித் தமிழகம் முழுவதும் அறியப்பட்டார். தெற்கே மதுரை சாலையில் உள்ள துவரங்குறிச்சியில் ஒரு பெண் தன்னை மறைத்துக்கொள்ளவே வேறொரு பெயரைச் சூடிக்கொண்டார். மூவர் கதையும் ஒன்றல்ல.

‘ஆர்’ விகுதி செய்யும் மறைப்பு

தமிழில் இந்த ஊகம் கடினமாக இருப்பதற்கு இலக்கணமே ஒரு காரணம். உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்று பால்கள் உள்ளன. ஒருவரை மதித்துப் பேசும்போது பலர்பால் வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்பவற்றில் பால் தெரிகிறது. ‘வந்தார்’ என்றவுடன் அது மறைந்துவிடுகிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல் என்றும், அது இலக்கண நெறி அன்று என்றும் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் கூறுகிறது. ஆனால் வழக்கே வென்றது. சங்க நூல்களைத் தொகுத்தவர்கள் புலவர் பெயர்களோடு பெரும்பாலும் ‘ஆர்’ சேர்த்தே எழுதினர். மரியாதை கிடைத்தது, பால் அடையாளம் போயிற்று.

ஒரே ஊரைச் சேர்ந்த இரு புலவர்களைப் பார்த்தால் இது விளங்கும்: ஒக்கூர் மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தியார். முன்னவர் ஆண், பின்னவர் பெண் என்று நாம் அறிவது ‘சாத்தன்’, ‘சாத்தி’ என்ற வேறுபாட்டால்தான். ஏடு எழுதுபவர் கை சற்றே தவறியிருந்தால் ஒரு பெண்பாற் புலவர் ஆணாகியிருப்பார். குறமகள் இளவெயினி, காக்கைபாடினியார் நச்செள்ளையார் போன்ற பெயர்களில் ஐயம் இல்லை. குறுந்தொகையில் வரும் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், மீனெறி தூண்டிலார் ஆகியோரை என்ன செய்வது? இவர்களின் இயற்பெயர் தெரியாததால், பாட்டில் இருந்த அழகான தொடரையே தொகுத்தவர்கள் பெயராக இட்டுவிட்டனர். அணில் விளையாடும் முற்றத்தைப் பாடியவர் ஆணா, பெண்ணா என்று அந்தப் பெயரிலிருந்து கண்டுபிடிக்க இயலாது.

பாட்டின் குரலை வைத்து முடிவு செய்யலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அகப்பாடல்களில் அதற்கு வழியில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பெண் குரலில் பாடியவர்களில் ஆண் புலவர்கள் ஏராளம். புறப்பாடல்களிலும் இச்சிக்கல் உண்டு. மகனைப் போருக்கு உரியவனாக வளர்க்கும் தாயின் குரலில் அமைந்த புறநானூற்றின் 312-ஆம் பாடலைப் பாடியவர் பொன்முடியார். அவரைப் பெண்பாற் புலவர் வரிசையில் பலரும் சேர்க்கின்றனர்; அவ்வாறு கருத அந்தத் தாயின் குரலும் ஒரு காரணம். சங்கப் பெண்பாற் புலவர்களின் எண்ணிக்கையை 30-ஐ ஒட்டிச் சொல்வோரும், 40-ஐத் தாண்டிச் சொல்வோரும் இருப்பதற்கு இத்தகைய பெயர்களே காரணம். எண்ணுபவரின் ஊகமும் அந்த எண்ணிக்கையில் கலந்திருக்கிறது.

உறையூர்ப் புலவர்களின் பெயர்களில் ஊரும் தொழிலும் பளிச்சென்று தெரியும். உறையூர் மருத்துவன் தாமோதரனார், உறையூர் இளம்பொன் வாணிகனார் என்பவை எடுத்துக்காட்டு. இவர்களிடையே பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் தனித்து நிற்கிறார். ‘கோழி’ என்பது உறையூரின் மற்றொரு பெயர். ‘நாய்கன்’ என்றால் வணிகன். போரவைக் கோப்பெருநற்கிள்ளி மீது தான் கொண்ட காதலை இவர் மூன்று பாடல்களில் (புறநானூறு 83, 84, 85) வெளிப்படையாகச் சொல்கிறார். தலைவனின் பெயரைச் சொல்லிவிட்டதால் இவை அகத்தில் சேராமல் புறத்தில் வைக்கப்பட்டன. இவர் பெண் என்பதை ஐயமின்றிச் சொல்வது ‘மகள்’ என்ற ஒரு சொல். தந்தையின் பெயரை ஒட்டி அறிமுகமாவது இன்றைய பார்வையில் குறையாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சொல் இல்லாதிருந்தால், பெண்வேடம் பூண்டு பாடிய ஆண் என்று இவரையும் யாராவது ஒதுக்கியிருப்பார்கள். நற்றிணையிலும் அகநானூற்றிலும் வெறும் ‘நக்கண்ணையார்’ என்ற பெயரில் பாடல்கள் உள்ளன.

ஸ்ரீரங்கத்தில் இதன் வேறொரு வடிவத்தைக் காணலாம். நம்மாழ்வார் பெண் நிலையில் பாடும்போது பராங்குச நாயகி. திருமங்கையாழ்வார் பரகால நாயகி. தாய்ப் பாசுரம், தோழிப் பாசுரம், மகள் பாசுரம் என்று உரை மரபு பிரித்தே காட்டுகிறது. கோயிலில் அரையர் சேவையின்போது ஆண்களான அரையர்களே அந்தச் சொற்களுக்கு அபிநயம் பிடிக்கிறார்கள். பாடியவர் ஆண், பேசுபவள் பெண் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏமாந்தவர் யாரும் இல்லை.

இரண்டு ரங்கராஜன்கள் போதாதென்று

அரங்கநாதர் குடிகொண்ட ஊரில் ரங்கராஜன் என்ற பெயருக்குப் பஞ்சம் இல்லை. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து புகழ்பெற்ற இருவருக்கு அந்தப் பெயர். ஒருவர் திரைப்படப் பாடலாசிரியர் வாலி (1931–2013). ஓவியர் மாலியைப் போல் வரைய வேண்டும் என்ற விருப்பத்தில் பிறந்த புனைபெயர் அது. மற்றவர் 1935-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்து, பாட்டியின் பராமரிப்பில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்த எஸ். ரங்கராஜன்.

இவர் 1960-களில் ‘குமுதம்’ இதழில் எழுதத் தொடங்கியபோது அங்கே ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் ஆசிரியர் குழுவில் இருந்தார்: கும்பகோணத்துக்காரரான ரா.கி. ரங்கராஜன். குழப்பத்தைத் தவிர்க்க, இளைய ரங்கராஜன் தம் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். அவ்வாறு பிறந்தவர்தான் எழுத்தாளர் ‘சுஜாதா’. பெண்ணாகத் தோன்றி வாசகரை மயக்கும் திட்டம் எதுவும் அதில் இல்லை. ஒரு நிர்வாக வசதிதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ரா.கி. ரங்கராஜனும் சூர்யா, ஹம்ஸா, துரைசாமி, கிருஷ்ணகுமார், அவிட்டம் ஆகிய பெயர்களோடு ‘மாலதி’ என்ற பெயரிலும் எழுதியவர். அதே அலுவலகத்தில் பணியாற்றிய ஜ.ரா. சுந்தரேசன், தாய் பாக்கியத்தின் பெயரையும் தந்தை ராமசாமியின் பெயரையும் இணைத்து ‘பாக்கியம் ராமசாமி’ ஆனார்; அப்புசாமியும் சீதாப்பாட்டியும் அந்தப் பெயரில் பிறந்தவர்கள். இதற்கு முந்திய தலைமுறையிலேயே ந. பிச்சமூர்த்தி ‘ரேவதி’ என்ற பெயரில் எழுதியிருக்கிறார். ஸ்ரீவேணுகோபாலன் ‘புஷ்பா தங்கதுரை’ என்ற பெயரில் பரபரப்பான குற்றக்கதைகளை எழுதினார். படையெடுப்பின்போது ஸ்ரீரங்கத்துப் பெருமாள் ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்ட வரலாற்றைத் ‘திருவரங்கன் உலா’ ஆக்கும்போது இயற்பெயருக்குத் திரும்பினார். பக்திக்கு ஒரு பெயர், பரபரப்புக்கு ஒரு பெயர்.

சுஜாதாவைப் பெண் என்றே நம்பிய வாசகர்கள் பலர். 1968-ல் ‘நைலான் கயிறு’ தொடராக வந்தது. கொலை, வழக்கறிஞர் கணேஷ், சுருக்கமான வாக்கியங்கள், விஞ்ஞானச் செய்திகள் எல்லாம் இருந்த எழுத்து அது. பெண்கள் குடும்பக்கதைதான் எழுதுவார்கள் என்ற எதிர்பார்ப்பு வலுவாக இருந்த காலத்திலும் பெயர் சொன்னதைப் பலர் ஏற்றுக்கொண்டனர். கடிதம் எழுதுவதிலும் சங்கடம் இல்லை: ‘சுஜாதா அவர்களுக்கு’ என்றால் இரு பாலுக்கும் பொருந்தும். ‘ஆர்’ செய்ததை ‘அவர்கள்’ செய்தது.

அவருடைய இன்னொரு பணியும் இங்கே நினைக்கத்தக்கது. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. போட்டவர் யார் என்று காட்டாமல் வாக்கை மட்டும் எண்ணும் கருவி அது. புனைபெயர்க்காரருக்குப் பொருத்தமான வேலைதான். 2008-ல் அவர் மறைந்தார். அந்தப் பெயருக்கு முதலில் உரியவரை ‘எழுத்தாளர் சுஜாதாவின் மனைவி சுஜாதா’ என்றே இன்றும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. பெயரைக் கொடுத்தவருக்கு விளக்கம் தேவைப்படுகிறது, எடுத்துக்கொண்டவருக்குத் தேவைப்படவில்லை.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் இதன் தலைகீழ் வடிவம் நடந்தது. 1968 முதல் ‘ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர்’ என்ற பெயரில் அறிவியல் புனைகதைகள் வெளிவந்தன. எழுதியவரை யாரும் பார்த்ததில்லை. கடிதத் தொடர்பு மட்டுமே. பெண்ணாக இருக்கலாம் என்ற ஊகம் எழுந்தபோது, ராபர்ட் சில்வர்பர்க் என்ற முன்னணி எழுத்தாளர் 1975-ல் டிப்ட்ரீயின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், இந்த எழுத்தில் ஆண்மை தவிர்க்க முடியாதபடி தெரிகிறது என்று வாதிட்டார். ஓரிரு ஆண்டுகளில் உண்மை வெளிவந்தது. எழுதியவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்; ‘டிப்ட்ரீ’ ஒரு பழப்பாகு புட்டியில் கண்ட பெயர். ஊகம் எப்போதும் பொய்ப்பதில்லை. ‘ஜார்ஜ் எலியட்’ என்ற பெயரில் வந்த முதல் கதைத் தொகுதியைப் படித்த சார்லஸ் டிக்கன்ஸ், இதை எழுதியது பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று 1858 ஜனவரியில் அந்த ஆசிரியருக்கே கடிதம் எழுதினார். அவர் சொன்னது சரி.

துவரங்குறிச்சி

பெண்கள் பெண்பெயரையே புனைபெயராகக் கொண்டால் அங்கே பால் பற்றிய கேள்வி இல்லை. ஆள் யார் என்ற கேள்விதான். திருச்சி மாவட்டம் தொட்டியத்தில் பிறந்த மருத்துவர் திரிபுரசுந்தரி, ‘லக்ஷ்மி’ என்ற பெயரில் நாவல்கள் எழுதி, ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவர் யார் என்பது ஒளிவு மறைவற்ற செய்தி.

துவரங்குறிச்சிக் கவிஞருக்கு நிலைமை அப்படி இல்லை. 1968-ல் பிறந்து ரொக்கையா, ராஜாத்தி என்ற பெயர்களால் அறியப்பட்ட அவர், பூப்பெய்தும் வயதில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். படிப்பு நின்றாலும் வாசிப்பு நிற்கவில்லை. திருமணத்துக்குப் பின் கணவர் வீட்டார் எழுதுவதை விரும்பவில்லை. இரவில் குளியலறையில் நின்றுகொண்டு எழுதினார். எழுதிய தாள்கள் தாயின் உதவியால் வெளியே போயின. அச்சில் வந்தபோது எழுதியவர் பெயர் ‘சல்மா’. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவரை வாசகர்கள் அறியவில்லை. வீட்டார் அறியக்கூடாது என்பதே அந்தப் பெயரின் நோக்கம்.

சுஜாதாவின் உண்மை தெரிந்தபோது வாசகருக்கு ஒரு சிரிப்பு; அவருக்கு எந்த இழப்பும் இல்லை. சல்மாவின் உண்மை தெரிந்தால் எழுதுவதே நின்றுபோகலாம். புனைபெயர் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது சரியன்று.

2000-ஆம் ஆண்டில் காலச்சுவடு பதிப்பகம் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ என்ற அவருடைய கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. 2001 உள்ளாட்சித் தேர்தலில் பொன்னம்பட்டியின் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பதவி குடும்பத்தை விட்டுப் போகாமலிருக்கப் பெண் வேட்பாளர் ஒருவர் வேண்டும். இதுவரை முகத்தை வெளியில் காட்டாதிருந்த மருமகளின் படம் சுவரொட்டிகளில் ஏறியது, அவர் வென்றார். அதன்பின் ‘சல்மா யார்?’ என்ற கேள்விக்கு இடமில்லை. 2004-ல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் வந்தது. 2013-ல் கிம் லாங்கினோட்டோ அவரைப் பற்றி ‘சல்மா’ என்ற பெயரிலேயே ஆவணப்படம் எடுத்தார்.

2025-ல் மாநிலங்களவைத் தேர்தலுக்கு தி.மு.க. வேட்பாளராக நிறுத்தப்பட்டு அவர் போட்டியின்றித் தேர்வானார். கட்சியின் அறிவிப்பில் அவர் பெயர் ‘ரொக்கையா மாலிக் என்கிற கவிஞர் சல்மா’ என்று இருந்தது.