தாவரப் பொருளின் வெப்பச் சிதைவு (சேலம் வட்டாரம்)

மரம், இலை, உமி போன்றவை போதிய காற்றில்லாமல் சூடேறினால் எரிவதில்லை, சிதைகின்றன. முதலில் ஈரம் போகும். 200 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் ஹெமிசெல்லுலோசும், ஏறத்தாழ 315 முதல் 400 டிகிரிக்குள் செல்லுலோசும் உடையும். லிக்னின் அவ்வளவு சீக்கிரம் மசியாது, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். ஆவியும் தாரும் வாயுவும் வெளியேறிய பின் கரி மிஞ்சும். இந்த எடையிழப்பை அளக்கும் வெப்பத் தராசுக்கு ஜப்பானியர் கொத்தாரோ ஹோண்டா 1915இல் வழிகாட்டினார். சேலத்து உருக்கு மூசையை (உலோகம் உருக்கும் மண்குடுவை) முன்வைத்து இதே சிதைவைப் பற்றிய எழுத்து அதற்கும் முன்பே அச்சேறிவிட்டது.

எழுதியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை அரசுப் பணியை 1825இல் உதறிவிட்டு இரும்புத் தொழிலில் இறங்கியவர். இந்திய உருக்கைப் பற்றிய அவருடைய கடிதம் 1839இல் ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அவர் தரும் செய்முறை இது: சுமார் ஒரு ராத்தல் இரும்பைத் துண்டுகளாக்கி மண் மூசையில் இடுவார்கள். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங் குச்சியை நறுக்கிச் சேர்ப்பார்கள். மேலே ஓரிரு பச்சை எருக்கிலை. வாயைக் குழைத்த களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை வளைவாக அடுக்கி, கரி மூடித் துருத்தி ஊதுவார்கள். இரண்டரை மணி நேரத்தில் உருக்கு தயார்.

அடைபட்ட மூசைக்குள் குச்சியும் இலையும் சிதைந்து கரிம-ஹைட்ரஜன் வாயுவை விடுகின்றன, அந்த வாயுவே இரும்பை விரைவில் உருக்காக்குகிறது என்றார் ஹீத். இங்கிலாந்தில் இரும்பைக் கரியோடு உருக்கும் முறைக்கு முஷெட் என்பவர் 1800இல் காப்புரிமை பெற்றிருந்தார். வாயுவால் உருக்காக்கும் முறைக்கு 1825இல் மக்கின்டாஷ் என்பவர் பெற்றார். இரண்டு தத்துவமும் இந்தியக் கொல்லரின் மூசையில் ஏற்கெனவே ஒன்றுசேர்ந்திருக்கின்றன என்பது ஹீத்தின் வாதம்.

வாதம் அழகானது, ஆனால் வாயுவுக்கு அவர் தந்த இடம் சற்று அதிகம். மரத்தின் ஆவியில் பெரும்பகுதி 500 டிகிரிக்குள் கிளம்பிவிடும். இரும்பு கரிமத்தை வேகமாக ஏற்பதோ 900 டிகிரிக்கு மேல். ஆகவே மிச்சக் கரிக்கே பெரும்பங்கு என்று கொள்வது பொருத்தம். கணக்கும் அதற்கு இசைகிறது. காய்ந்த மரம் தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கரி தரும். பத்தில் ஒரு பங்கு குச்சி என்றால் இரும்பின் எடையில் நூற்றுக்கு இரண்டரை கரி. இவ்வகை உருக்குக்கு வேண்டிய கரிமம் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு. வெப்பத் தராசு காணாத கொல்லர் கைப்பழக்கத்தில் கண்ட அளவு இது.

மூசைக்குப் பொருந்திய அதே கால் பங்கு, ஊதுலைக்கு எமனாயிற்று. ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய ஆலை சேலத்துக் காந்தக்கல்லை மரக்கரியில் உருக்கியது. ஒரு டன் கரிக்கு நான்கு டன் காய்ந்த மரம் வேண்டும். கரிமூட்டத்தில் காற்று புகுந்தால் இன்னும் கூடும். ஹீத் நொடித்துப்போனார், 1851இல் இறந்தார். பின்வந்த கிழக்கிந்திய இரும்பு நிறுவனம் காவிரிக்கரைப் பூலாம்பட்டியிலும் உலை வைத்தது. தாது தாராளமாக இருந்தும் கரி கட்டுப்படியாகவில்லை. நிறுவனம் 1874இல் கலைக்கப்பட்டது.