ஆளுநர் மனை அலுவலகமான வரலாறு

பழைய மனைகள் அலுவலகங்களாக மாறுவது உலகெங்கும் நிகழும் செயலாகும். ஜார்ஜ் என்னும் பெயர் தாங்கிய நான்கு மன்னர்கள் 1714 முதல் 1830 வரை அடுத்தடுத்து இங்கிலாந்தை ஆண்டனர். அக்காலத்தில் இலண்டனிலும் டப்ளினிலும் செல்வர்கள் எழுப்பிய செங்கல் மாடிவீடுகள் பலவற்றில் பிற்காலத்தில் வழக்கறிஞரும் மருத்துவரும் வணிகரும் தொழில் நடத்தலாயினர். படிக்கட்டும், அதனின்று தனித்தனியே பிரியும் அறைகளுமாக அவ்வீடுகள் அமைந்திருந்தமை இம்மாற்றத்திற்கு எளிதாயிற்று. ஆயினும் எல்லா வீடுகளும் தப்பவில்லை. டப்ளினின் ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் 16 வீடுகள், புதிய அலுவலகம் ஒன்று எழுப்புவதற்காக 1960-களில் இடிக்கப்பட்டன.

முதற்பயன் தீர்ந்த கட்டடத்தின் கதி யாது? இதற்கு விடை காணக் கடல் கடக்க வேண்டுவதில்லை. குருபோங்கிலிருந்து தெற்கே மலாக்கா நகருக்குச் சென்றால் போதும்.

மலாக்காவை 1641-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், ஏறத்தாழ 1650-ஆம் ஆண்டில் ஆற்றங்கரையருகே ஒரு மாளிகை எழுப்பினர். ஸ்டாட்ஹைஸ் என வழங்கும் அது, ஆளுநரின் இல்லமாகவும் ஆட்சி அலுவலகமாகவும் ஒருங்கே பயன்பட்டது. தடித்த சுவர்கள், கனத்த மரக்கதவுகள், அவற்றைத் தாங்கும் இரும்புக் கீல்கள், அகன்ற படிகள், சாய்பலகைச் சன்னல்கள் ஆகியவை அதன் சிறப்பியல்புகள். தடித்த சுவர் பகல்வெப்பம் விரைவில் உட்புகாமல் தடுக்கும். சாய்பலகை மழையைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும். குளிர்நாட்டார் கட்டிய மனை வெப்பநாட்டிற்கு இணங்கிய விதம் இதுவே. இன்று காணும் செந்நிறம் ஆங்கிலேயர் காலத்தில் பூசப்பட்டது. முன்னர் அது வெண்மாளிகையாகவே விளங்கிற்று.

ஆங்கிலேயர் 1795-இல் மலாக்காவைத் தம் பொறுப்பில் கொண்டனர். பின்னாளில் அதனை ஒல்லாந்தரிடம் திருப்பித் தர நேரும் என்று எண்ணிய அவர்கள், போர்த்துக்கீசியர் கட்டிய பெருங்கோட்டையை 1807-இல் வெடிமருந்து வைத்துத் தகர்க்கத் தொடங்கினர். வலிமையே அக்கோட்டைக்குப் பகையாயிற்று. தமிழ்க்குருதியும் அரபுக்குருதியும் கலந்த மரபில் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, அவ்வழிவைத் தம் வரலாற்று நூலில் உருக்கமாக எழுதியுள்ளார். அந்நூல் 1849-இல் அச்சாயிற்று. இடிபடாமல் இன்று நிற்பது ஒரு வாயில் மட்டுமே.

ஆளுநர் மாளிகையோ பிழைத்தது. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயருக்கே உரியதான பின்னரும் அது அரசு அலுவலகமாயிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னரும் மாநில ஆட்சிப்பணிகள் அங்கு நிகழ்ந்தன. 1979-இல் அலுவலகங்கள் நீங்கின. பழுது பார்க்கப்பெற்று 1982-இல் அது அருங்காட்சியகமாயிற்று. கொடிகள் மாறின, குடியிருந்தோர் மாறினர், கூரை நிலைத்தது.

இவ்விரண்டினும் வேறான மூன்றாம் நிலையும் அந்நகரிலேயே உண்டு. ஒல்லாந்தர் அளித்த நிலத்தில், மலாக்காச் செட்டி சமூகத்தின் தலைவர் தெய்வநாயகம் செட்டி 1781-இல் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பினார். அது கோயிலாகவே இன்றும் வழிபடப்படுகிறது. ஆக, கோட்டை பயனிழந்து அழிந்தது. மாளிகை பயன் மாறி வாழ்ந்தது. கோயில் பயன் மாறாமலே வாழ்கிறது. கல்லின் உறுதி மட்டும் கட்டடத்தைக் காப்பதில்லை. மக்களின் தேவையே காக்கிறது என்பது இம்மூன்றாலும் தெளிவாகும்.

மலாக்காவின் பழைய நகர்ப்பகுதியை 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக ஏற்றது. நகரின் மாளிகைக்கு இவ்வாறு காவல் வாய்த்தது. தோட்டப்புறத்து எளிய கட்டடங்களுக்கு அத்தகைய காவல் எளிதில் வாய்ப்பதில்லை. ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறும்போது, தொழிலாளர் வரிசை வீடுகளும் பழைய பள்ளிக்கூடங்களும் தம் முதற்பயனை இழக்கின்றன. அவற்றுக்குப் புதுப்பயன் காண்பதே அவற்றைக் காக்கும் வழி. அது கைகூடாதவிடத்து, அவற்றின் அளவும் அமைப்பும் ஆண்டும் மாணவர் கையால் குறிக்கப்பெறுமாயின், இடிந்த கோட்டைக்கு அப்துல்லாவின் எழுத்துப் போல அக்குறிப்பேனும் நிலைக்கும்.